சர்பத் பாட்டிலில் ஏழு கோடு

விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியில் கணக்கு எழுதுகிறேன். காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் ராத்திரி எட்டு மணிக்குத்தான் எழுந்திருப்பது. போன ஆவணியில் ஒரு நாள் உளுந்து மூட்டை எடை போட்டுக்கொண்டிருந்தபோது லோடு இறக்குகிற அண்ணன் ஒருவர் சும்மா இருக்காமல், "கணக்கப்பிள்ளை, நீங்களும் ஒருவாட்டி ஏறுங்க, பார்ப்போம்" என்றார். ஏறினேன். 91.4 காட்டியது. "அடேயப்பா, இன்னும் எட்டரை கிலோ போட்டா ரெண்டு மூட்டை!" என்று அவர் சொல்ல, மண்டியே சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து தையல் டேப்பை எடுத்து வயிற்றைச் சுற்றிப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. 108 செ.மீ. நம் ஊர் ஆண்களுக்கு 90-ஐத் தாண்டக்கூடாது என்கிறார்கள். போன வருடமே ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.1 வந்து, "எல்லைக்கோட்டில நிக்கிறீங்க, இப்பவே பார்த்துக்கோங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் பார்த்துக்கொண்ட லட்சணம், அந்த ஃபைலை பீரோவில் வைத்துப் பூட்டியதுதான்.

அன்றிலிருந்து எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலின் இந்தப் பங்குனிப் பொங்கல் வரைக்கும் 30 வாரம். வீட்டு மெஷினில் 90.2-ல் ஆரம்பித்து இப்போது 81.9-ல் நிற்கிறேன். மண்டித் தராசு காட்டிய 91.4-ல் சட்டை, பேண்ட், சாவிக்கொத்து, மத்தியானம் தின்ற சாப்பாடு எல்லாம் சேர்த்தி என்பதால் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. மூன்று மாதத்தில் இருபது கிலோ என்று எதிர்பார்த்துப் படிப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு, என்ன சமைத்தோம், எது சொதப்பியது, சொதப்பியதை எப்படிச் சரிசெய்தோம் என்று நோட்டில் இருப்பதை எழுதுகிறேன்.

நோட்டு என்றதும் சொல்லிவிடுகிறேன், இதில் எனக்கு ஒரு கூட்டாளி உண்டு. என் மனைவியின் தம்பி, மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன், சிவகாசியில் அச்சகத்தில் வேலை, அப்போது 104 கிலோ. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர் என்பதால், ராத்திரிச் சாப்பாட்டைக் குறைக்கும் முன்னால் டாக்டரிடம் கேட்டு மாத்திரை அளவை மாற்றிக்கொண்டுதான் இறங்கினார், அந்த விஷயத்தில் என்னைவிடப் புத்திசாலி. ராத்திரி ஒன்பது மணிக்கு ஆளுக்கு ஒரு குரல் பதிவு அனுப்புவது என்று பேச்சு: இன்றைய எடை, இன்றைய சாப்பாடு. "அத்தான், பந்தயம் வச்சுக்குவோமா?" என்றார். வைத்தோம். அதனால் வந்த வினையைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் ரிப்பேர் எடை மெஷினில். கண்ணாடித் தட்டு வைத்த புது மெஷின், முதல் நாள் காலை 88.9, பத்து நிமிடம் கழித்து 90.2, மறுபடி ஏறினால் 89.4. கணக்கு எழுதுகிறவனுக்கு இதைவிடக் கொடுமை கிடையாது. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பெட்டியில் போட்டுவிட்டேன், அப்புறம் ஒரு யோசனை வந்தது. முதலாளியிடம் சொல்லிவிட்டு மண்டியில் இருந்த முத்திரை போட்ட 20 கிலோ இரும்பு எடைக்கல்லை எக்ஸெல் வண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தெருவில் எல்லோரும் என்னவோ ஏதோ என்று பார்த்தார்கள். படுக்கையறையில் கால்மிதி விரிப்பின் மேல் மெஷினை வைத்துக் கல்லை ஏற்றினால் 18.7. அடுப்படி டைல்ஸில் ஒரு கால் லேசாக ஆடுகிறது, 19.3. ஹாலில் பழைய மொசைக் தரையில் வைத்தேன், 20.0, மூன்று தடவையும் அதே 20.0. மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது, நான் வைத்த இடம்தான் சரியில்லை. ஹாலில் அந்த இடத்தில் நாலு மூலையையும் சாக்பீஸால் குறித்து வைத்தேன், அம்மா அடுத்த நாளே துடைத்துவிட்டாள். அப்புறம் மனைவியின் நகப்பூச்சால் நாலு பொட்டு வைத்தோம், இன்றைக்கும் இருக்கிறது.

காலையில் கழிப்பறை போய்விட்டு வந்து, வாயில் தண்ணீர் படுமுன், அதே லுங்கியோடு ஏற வேண்டும். தினமும் எழுதி, ஞாயிற்றுக்கிழமை ஏழையும் கூட்டி ஏழால் வகுத்த எண்ணைத்தான் அந்த வார எடை என்று எடுத்துக்கொண்டேன். தனி நாள் எண்ணை நம்பினால் பைத்தியம் பிடிக்கும். தீபாவளிக்கு மூன்று நாள் முறுக்கும் மட்டன் குழம்பும் சாப்பிட்டதில் 1.9 கிலோ கூடியது, ஐந்தே நாளில் தானாக இறங்கியது. மூன்று நாளில் இரண்டு கிலோ கொழுப்பு யாருக்கும் சேராது, உப்பு இழுத்து வைத்திருந்த தண்ணீர் அது. ஒரு கிலோ கொழுப்பு என்பது கிட்டத்தட்ட 7700 கலோரி, நான் தின்றது நிறையத்தான், அவ்வளவு இல்லை.

இனி எண்ணெய். எங்கள் ஊர் எண்ணெய்க்கும் பருப்புக்கும் பேர் போன ஊர், பரோட்டாவைக்கூட எண்ணெயில் மூழ்கவிட்டுப் பொரித்துத் தருகிற ஊர். இங்கே உட்கார்ந்துகொண்டு எண்ணெயைக் குறைக்கிறேன் என்றால் மண்டியில் துரோகி மாதிரி பார்ப்பார்கள். ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே. வீட்டுச் செலவு நோட்டை எடுத்துப் பார்த்தேன். நான், மனைவி, அம்மா, பதினொன்றாவது படிக்கிற மகன், நாலு பேர். 5 லிட்டர் கடலெண்ணெய் டின் வாங்கிய தேதிக்கும் அடுத்த டின் வாங்கிய தேதிக்கும் நடுவே 26 நாள். வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு ஒரு நாளைக்கு 48 மில்லி. கலோரியில் சொன்னால் 400-க்குக் கொஞ்சம் கம்மி. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2000 கலோரி சாப்பாட்டுக்கு ஒரு நாள் எண்ணெய் 27 கிராம் என்று போட்டிருக்கிறார்கள், அதாவது 30 மில்லிக்குள். நாங்கள் ஒன்றரை மடங்குக்கு மேல். அதுவும் கடையில் தின்கிற வடை, பஜ்ஜி, பரோட்டா எதுவும் இதில் சேரவில்லை.

"எண்ணெயைக் கம்மியா ஊத்து" என்று வாயால் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. இரண்டு வாரம் சொல்லிப் பார்த்தேன், "நீங்க வந்து தாளிங்க" என்று மனைவி கரண்டியைக் கையில் கொடுத்துவிட்டாள். நியாயம்தானே. மூன்றாவது வாரம்தான் பாட்டில் யோசனை. 700 மில்லி நன்னாரி சர்பத் பாட்டில் ஒன்று காலியாகக் கிடந்தது. ஏழு நாளைக்கு 700 என்றால் வீட்டுக்கு ஒரு நாள் 100 மில்லி, ஆளுக்கு 25. கணக்கு கச்சிதமாக உட்கார்ந்தது. கோடு போட அளவு ஜாடி தேடவில்லை. சமையல் தராசில் பாட்டிலை வைத்துப் பூஜ்யமாக்கி, 100 கிராம் தண்ணீர் ஊற்றி, தண்ணீர் நின்ற மட்டத்தில் ஒரு கோடு, இன்னொரு 100, இன்னொரு கோடு. தண்ணீர் 100 கிராம் என்றால் 100 மில்லிதான், அதனால் தண்ணீரை வைத்துத்தான் குறிக்க வேண்டும். எண்ணெயை நிறுத்துக் குறித்தால் தப்பாகப் போகும், அது தண்ணீரைவிட லேசு. முதலில் காகிதப் பட்டை ஒட்டிப் பேனாவால் கோடு போட்டேன், நாலே நாளில் எண்ணெய்க் கை பட்டு மை கலைந்து கருப்பாக ஈஷிக்கொண்டது. அதற்கு மேல் செல்லோ டேப் ஒட்டினேன், அதுவும் எண்ணெயில் வழுக்கிக் கழன்றது. கடைசியில் அதே நகப்பூச்சுதான். கோடுகளுக்குப் பக்கத்தில் தி, செ, பு என்று கிழமை எழுத்துகூடப் போட்டாயிற்று. பாட்டிலைக் கழுவியதும் வெயிலில் ஒரு நாள் முழுக்கக் கவிழ்த்துக் காயவிடுங்கள், ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் தாளிக்கும்போது முகத்தில் தெறிக்கும், எனக்குத் தெறித்தது.

ஞாயிறு ராத்திரி பாட்டிலை நிரப்புவது, திங்கள் காலையிலிருந்து கணக்கு. முதல் வாரம் வியாழனே பாட்டில் காலி. இரண்டாவது வாரம் சனிக்கிழமை வரை வந்தது. மூன்றாவது வாரம் அதிசயமாக மிச்சமே இருந்தது, ஆனால் டின்னும் குறைந்திருந்தது! விசாரித்தால், அப்பளமும் வடகமும் பொரிக்க நேராக டின்னிலிருந்தே எடுத்திருக்கிறார்கள். எங்கள் தொழிலில் இதற்கு இரண்டாம் நம்பர் கணக்கு என்று பெயர். அன்று முதல் டின் பரண் மேல் ஏறியது.

எண்ணெய் குறைந்ததும் சமையல் கெட்டுவிடும் என்று பயந்தது பாதி உண்மைதான், சில சாமான்களை மாற்ற வேண்டியிருந்தது. அகலமான வாணலியில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் ஊற்றினால் அது பரவிக் காணாமல் போய்விடும், கடுகு பொரியாமல் கருகும், அதனால்தான் கை தன்னையறியாமல் மூன்று கரண்டி ஊற்றுகிறது. குழியான இரும்புத் தாளிப்புக் கரண்டியில் அதே ஒரு டீஸ்பூனை ஊற்றி, கரண்டியை லேசாகச் சாய்த்துப் பிடித்தால் எண்ணெய் ஓரத்தில் குளம் மாதிரி நிற்கும், கடுகு அதில் மூழ்கிப் படபடவென்று வெடிக்கும், உளுந்து பொன்னிறமாகும், கறிவேப்பிலையைப் போட்டு மூடிப் பிடித்துக் கூட்டில் கவிழ்க்க வேண்டியதுதான். வாசனைக்கு ஒரு குறையும் இல்லை. காய்களில் வெண்டைக்காய்தான் மல்லுக்கட்டியது. எண்ணெய் கம்மி என்றதும் வழவழவென்று ஒரு பசை. வெண்டைக்காயைக் கழுவித் துணியால் துடைத்து அரை மணி நேரம் ஆறவிட்டு, பெரிய துண்டாக வெட்டி, எண்ணெயே இல்லாமல் இரும்பு வாணலியில் முதலில் வதக்கி, ஓரம் சுருங்கிய பிறகு ஒரு ஸ்பூன் புளித்தண்ணீர், கடைசியில்தான் எண்ணெயும் உப்பும். உப்பை முதலில் போட்டால் தண்ணீர் விட்டுக்கொண்டு திரும்பப் பசைதான்.

தேங்காய்ச் சட்னி வாரத்தில் இரண்டு நாள். மற்ற நாளுக்குத் துவையல். எங்கள் வீட்டில் வெற்றி பெற்றது பீர்க்கங்காய்த் தோல் துவையல். இரண்டு பீர்க்கங்காயின் தோல், ஒரு மேஜைக்கரண்டி உளுந்து, மூன்று காய்ந்த மிளகாய், பூண்டு இரண்டு பல், கோலிக்குண்டு அளவு புளி, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டீஸ்பூன் எண்ணெய். தோல் பச்சை வாடை போய்ச் சுருங்கும்வரை பொறுமையாக வதக்க வேண்டும், அவசரப்பட்டால் புல் மாதிரி இருக்கும். காயைக் கூட்டு வைத்துக்கொள்ளலாம். ஒரே காயில் இரண்டு வெஞ்சனம், அம்மாவுக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம்.

அப்புறம் கொள்ளு. கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று நம் ஆட்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள், அது கொழுப்பைக் கரைக்கும் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. 100 கிராமில் சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது, நார் இருக்கிறது, காலையில் தின்றால் பதினொன்றரை மணிக்கு வடையைத் தேடாது, எனக்கு அது போதும். ஆறு இட்லி தின்றுவிட்டு மண்டிக்குப் போன காலத்தில் பத்தே முக்காலுக்கே டீக்காரப் பையனின் கூடையை எட்டிப் பார்ப்பேன்.

முதல் கொள்ளு தோசை கேவலமாகப் போனது. ஆர்வக்கோளாறில் கொள்ளு இரண்டு பங்கு, இட்லி அரிசி ஒரு பங்கு, உளுந்தே போடவில்லை. மாவு பொங்கவில்லை, கல்லில் ஊற்றினால் ஓடுகிறது, எடுக்கப் போனால் நாலாகப் பிய்ந்து வருகிறது, தோசைத்திருப்பியால் சுரண்டிச் சுரண்டிக் கல்லின் பதமும் போய்விட்டது. "காணத்தைக் குதிரைக்குத்தான்யா போடுவாங்க" என்று அம்மா தன் பங்குக்குச் சொல்லிவிட்டுப் போனாள். (கொள்ளை அம்மா காணம் என்றுதான் சொல்வாள்.) முதலில் கல்லைச் சரிசெய்தேன். உப்பு போட்டுத் தேய்த்து, கழுவிக் காயவைத்து, அடுப்பில் புகை வரச் சூடாக்கி, சொட்டு எண்ணெய் விட்டு, வெங்காயத்தைப் பாதியாக வெட்டி முள்கரண்டியில் குத்தித் தேய்த்து, ஆறவிட்டு, மறுபடி சூடாக்கித் தேய்த்து, இப்படி நாலு தடவை. அப்புறம் மாவு. இரண்டாவது தடவை உளுந்து சேர்த்தும் கொள்ளு நொய்யாகவே நின்றது, ஊறியது போதவில்லை. மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது, இந்த அளவை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறோம்:

இட்லி அரிசி ஒன்றரை டம்ளர், கொள்ளு ஒரு டம்ளர், உளுந்து கால் டம்ளர், வெந்தயம் ஒரு டீஸ்பூன். கொள்ளை முதல் நாள் ராத்திரியே தனியாக ஊறப்போட்டு விடுங்கள், அதற்கு நிறைய நேரம் வேண்டும். கல் இருக்கும், நன்றாக அரித்து எடுக்கணும். அரிசியும் உளுந்தும் வெந்தயமும் நாலு மணி நேரம் ஊறினால் போதும். உளுந்தை முதலில் பொங்கப் பொங்க அரைத்து எடுத்துவிட்டு, கொள்ளையும் அரிசியையும் சேர்த்து அரைத்து, உப்புப் போட்டுக் கையால் கலந்து எட்டு மணி நேரம். ஊற்றியதும் மூடிபோட்டு வேகவிட்டால் தோசையைச் சுற்றி எண்ணெய் விடவே தேவையில்லை. மூன்று தோசை, பீர்க்கங்காய்த் துவையல், கொஞ்சம் சுண்டல், அதோடு எனக்கு மத்தியானம் ஒன்றரை வரை ஓடுகிறது.

கொள்ளை வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டு ரசம். இது மாப்பிள்ளை அனுப்பிய குறிப்பு. அவர் முளைகட்டிய பயறுக்கும் கெட்டிக்காரர். எனக்கு முதல் இரண்டு தடவை பயறு நாற்றமடித்தது, ஈரத்துணியில் இறுக்கி மூட்டையாகக் கட்டி டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். "அத்தான், பயறும் மூச்சு விடணும்ல" என்றார். தண்ணீரைச் சுத்தமாக வடித்து, தளர்வாகக் கட்டித் தொங்கவிட்டு, காலையும் மாலையும் ஒருமுறை அலசிக் கட்டினால் எங்கள் ஊர் வெயிலுக்கும் வாடை வருவதில்லை.

இவ்வளவும் செய்து கார்த்திகைக்குள் நாலரை கிலோ இறங்கியிருந்தேன். பிறகு நின்றுவிட்டது. மூன்று வாரம் ஒரே எண். 85.6, 85.7, 85.6. எண்ணெய்ப் பாட்டில் ஒழுங்காக இருக்கிறது, தெப்பக்குளத்தைச் சுற்றிக் காலையில் எட்டுச் சுற்று நடக்கிறேன், டீயில் சீனியை விட்டாயிற்று. என்ன கோளாறு என்று தெரியவில்லை. கடையில் ஐந்தொகை, அதாவது வரவு செலவு இருப்புக் கணக்கு, சேராவிட்டால் என்ன செய்வோமோ அதையே செய்தேன், ஒரு வாரம் தட்டில் விழுகிற எல்லாவற்றையும் நிறுத்து எழுதினேன். பிடிபட்டது குதிரைவாலி. அந்தச் சமயத்தில்தான் மத்தியானத்துக்கு அரிசியை விட்டுக் குதிரைவாலிக்கு மாறியிருந்தோம், முதல் நாள் குக்கரில் ஒன்றுக்கு மூன்று தண்ணீர் வைத்துக் களியாக்கி, பிறகு இருபது நிமிடம் ஊறவைத்து ஒன்றுக்கு இரண்டு தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைக்கக் கற்று, பொலபொலவென்று நன்றாக வர ஆரம்பித்திருந்தது. நன்றாக வந்ததுதான் வினை. அரிசிச் சோறு என்றால் பயந்து 200 கிராமோடு நிறுத்துகிறவன், சிறுதானியம்தானே என்று 400 கிராம் போட்டுத் தின்றிருக்கிறேன். மகன் போனில் பார்த்துவிட்டு, "அப்பா, வேகாத நூறு கிராமுக்கு ரெண்டுக்கும் கலோரியில பெரிய வித்தியாசம் இல்லப்பா" என்றான். பருப்பு மண்டியில் இருபது வருடம் வேலை பார்க்கிறவனுக்கு இதைப் பள்ளிக்கூடத்துப் பையன் சொல்ல வேண்டியிருக்கிறது. நாரும் சத்தும் கூட இருக்கலாம், அளவு அளவுதான். இன்னொன்று, வெள்ளை வெளேரென்று பளபளக்கும் குதிரைவாலியை வாங்காதீர்கள், தவிட்டையும் சேர்த்துத் தீட்டிவிட்டது அது. தவிட்டில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை வரும், கடையில் நாள்பட நிற்க வேண்டும் என்றுதான் தீட்டுகிறார்கள். கொஞ்சம் மங்கலாக, பழுப்போடிய நிறத்தில் இருப்பதைக் கேட்டு வாங்கி ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடணும்.

இப்போது சோறு எதுவானாலும் ஒரே கிண்ணம், நிறுத்துப் பார்த்த 200 கிராம் கிண்ணம், தலை தட்டி ஒரு தடவை. இரண்டு காய், ஒரு கிண்ணம் பருப்போ முட்டையோ மீன் குழம்போ. மறுபடி இறங்க ஆரம்பித்தது.

மாப்பிள்ளையை விட்டுவிட்டேனே. முதல் மாதம் அவர் ஐந்து கிலோ இறக்கினார், நான் ஒன்றே முக்கால். தினமும் ராத்திரி அவர் எண்ணைக் கேட்கும்போது எனக்கு எரிச்சலாக இருக்கும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். கார்த்திகையில் நிலைமை தலைகீழானது. சிவகாசியில் அது காலண்டர் வேலை உச்சத்தில் இருக்கும் நேரம், புது வருடத்துக்குள் தினசரிக் காலண்டர் எல்லாம் போய்ச் சேர வேண்டும், அவருக்குத் தொடர்ந்து ராத்திரி ஷிப்ட். அப்போதும் ஒன்பது மணிக்குக் குரல் வரும், "98.2 அத்தான், சுண்டல்தான் சாப்பிட்டேன்" என்று போட்டோவும் வரும். ஒரு நாள் போட்டோவை உற்றுப் பார்த்தேன். சுண்டல் கிண்ணத்துக்குப் பின்னால் சுவரில் தொங்கிய காலண்டரில் புரட்டாசி மாதத் தேதி. அவர் அச்சடிக்கிற சாமானே அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

உடனே கேட்கவில்லை. கேட்டால் போனையே எடுக்க மாட்டார் என்று தெரியும். அடுத்த ஞாயிறு பஸ் ஏறிப் போனேன், கொள்ளு தோசை மாவு ஒரு தூக்கில். அவரே ஆரம்பித்தார். "அத்தான், ரெண்டு மணிக்கு மெஷின் ஓடிட்டிருக்கும்போது எல்லாரும் பரோட்டா வாங்குவாங்க, நான் மட்டும் டப்பாவைத் தொறந்தா கிண்டல் பண்றாங்க. ஒரு நாள் தின்னேன். மறுநாள் எடை கூடிருச்சு, உங்ககிட்ட சொல்ல அசிங்கமா இருந்துச்சு. அப்புறம் மெஷின்ல ஏறவே இல்ல." 102-க்குத் திரும்பிப் போயிருந்தார்.

பந்தயத்தை அன்றே கலைத்தோம். எடை அவரவர் நோட்டில் இருக்கட்டும், ஒருவருக்கொருவர் சொல்லவே வேண்டாம். ராத்திரி ஒன்பது மணிக்கு இரண்டே கேள்வி: இன்றைக்கு என்ன சமைச்சே, நடந்தியா. பரோட்டா தின்றால் தின்றேன் என்று சொல்லிவிட வேண்டியது, எத்தனை என்றுகூடக் கேட்கப்படாது. ஷிப்ட் பிரச்சினைக்கு அவர் கண்டுபிடித்த வழி நன்றாக இருக்கிறது: டப்பாவை ஒளித்துத் தின்பதை விட்டு, முளைப்பயறு சுண்டலைப் பெரிய தூக்கு நிறையக் கொண்டுபோய் எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். மாங்காய் இஞ்சி, பச்சை மிளகாய், எலுமிச்சை பிழிந்து. இப்போது மெஷின்காரர்கள் இரண்டு பேர் முறைவைத்துக் கொண்டுவருகிறார்கள். பரோட்டாவும் வருகிறது, ஆளுக்கு ஒன்றாகிப் போய்விட்டதாம். அவர் எடை எனக்குத் தெரியாது, ஆனால் பொங்கலுக்கு வந்தபோது பெல்ட்டில் புதிதாக ஆணியால் போட்ட ஓட்டை ஒன்று இருந்தது.

இளைத்தால் ஊரில் யாரும் பாராட்டுவார்கள் என்று நினைக்க வேண்டாம். "என்ன, சுகரா?" என்பதுதான் முதல் கேள்வி. இரண்டாவது, "வீட்டுல ஏதும் பிரச்சினையா?" அம்மா பக்கத்து வீட்டு அத்தையிடம் "எம் பிள்ளை வத்திப்போயிட்டான்" என்று கண் கலங்கியிருக்கிறாள். லோடு அண்ணன் ஒருவர்தான் மாசி மாதம் என்னைப் பிடித்துத் தராசில் ஏற்றி, "ஒண்ணே முக்கால் மூட்டைக்கும் கீழே வந்துட்டீங்க" என்று மூட்டைக் கணக்கில் பாராட்டினார். 83.7, சட்டை பேண்டோடு.

எண்ணெயை மட்டும் தனியாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 48-லிருந்து 25 மில்லி, கிட்டத்தட்ட 190 கலோரி மிச்சம். பாட்டில் வந்து 27 வாரம். பெருக்கி 7700-ஆல் வகுத்தால் நாலரை கிலோவுக்கு மேல் வருகிறது, இறங்கியதில் பாதிக்கும் மேல். உடம்பு இப்படிப் பைசா சுத்தமாகக் கணக்கு வைத்திருக்காது என்று தெரியும், இருந்தாலும் குதிரைவாலிக்கும் கொள்ளுக்கும் நான் கொடுத்துக்கொண்டிருந்த மரியாதையில் கொஞ்சத்தை அந்தச் சர்பத் பாட்டிலுக்கு மாற்றி எழுதினேன்.

பங்குனிப் பொங்கலுக்கு வீடு நிறைய ஆட்கள். பொருட்காட்சியில் மிளகாய் பஜ்ஜி ஒன்றும், தட்டு அகலத்துக்கு இருக்கிற டெல்லி அப்பளத்தில் பாதியும் தின்றேன், மீதிப் பாதியை மாப்பிள்ளை பிடுங்கிக்கொண்டார். கொள்ளு தோசை எத்தனை பேருக்குப் போகும் என்று தெரியாமல் இரண்டு மடங்கு மாவு அரைத்தோம், பிள்ளைகள் தொடவில்லை, பெரியவர்கள் காலி பண்ணிவிட்டார்கள். அடுத்து வரகில் அடை போட்டுப் பார்க்கணும், போன வாரம் போட்டது ஓரமெல்லாம் வரட்டி மாதிரி காய்ந்துவிட்டது. சுரைக்காயைத் துருவிச் சேர்த்தால் ஈரம் நிற்கும் என்று மாப்பிள்ளை நேற்று ராத்திரி சொன்னார்.

இன்றைக்குப் புதன். பாட்டிலில் எண்ணெய் வெள்ளிக்கிழமைக் கோட்டில் நிற்கிறது. யார் என்று கேட்டதற்கு அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "விருந்தாளிக்கு அப்பளம் பொரிக்காம எப்படிய்யா" என்கிறாள்.